மூன்று ஊருக்கும் நடுவில் ஒரு பிரசவ விடுதி

வெங்கடப்பனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டாள். எங்கோ அவர் படத்தைத் திறந்து வைக்கப் போகிறார்களாம். நாலு வரியில் அடங்குகிற ஆள் இல்லை அவர். முழுக்க நல்லதாகவும் எழுத முடியாது. அவரால் எனக்கு வந்த தலைவலிக்கு என் மருந்துப் பையில் மாத்திரை இருந்ததில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேண்டியதை அவர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

குருபரப்பள்ளியில் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளிப் போனால் மூன்று ஊர்கள். நிலம் வைத்திருக்கிற குடும்பங்கள் வாழ்ந்த பெரிய ஊர், ஆடு வளர்ப்பவர்களும் துண்டு நிலக்காரர்களும் இருந்த சின்ன ஊர், கூலி வேலைக்குப் போகிறவர்களின் சேரி. மற்றவர்கள் எல்லாரும் இரண்டு ஊர் என்றுதான் சொல்வார்கள். மூன்று ஊர் என்று சொன்ன ஒரே ஆள் வெங்கடப்பன். இதை அவர் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம்.

அவர் பிறந்தது பெரிய ஊரில். ராகியும் கொள்ளும் விளையும் மேட்டு நிலம், கொஞ்சம் மாந்தோப்பு. ஒழுங்காக ஏர் பிடித்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. வாலிபத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போய் ஒரு பஞ்சு மில்லில் சேர்ந்தார். அங்கே மின்விளக்கைப் பார்த்தார். குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்தார். மில் தொழிலாளிகளின் மனைவிமார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை பெறுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். அது மூன்றும் அவர் தலையில் ஏறி உட்கார்ந்தது, கடைசிவரை இறங்கவில்லை. நாற்பத்திரண்டில் வெள்ளையனே வெளியேறு என்று கோஷம் போட்டு ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கதர்ச் சட்டை, கண்ணாடி, மூட்டை மூட்டையாக யோசனை.

சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாயத்து பிரசிடெண்டு ஆனார். அன்றிலிருந்து ஊரில் யாரும் நிம்மதியாக வெற்றிலை போட முடியவில்லை. கிணற்றடியில் நின்றால் கிணற்றைப் பற்றிப் பேச்சு. சந்தைக்குப் போனால் சந்தைக்குத் தார் ரோடு. ஓசூர் போகிற சாலையைக் காட்டி, இந்த ரோட்டோரம் ஒரு காலத்தில் மில் சங்கு ஊதும், நம் பிள்ளைகள் பெங்களூர் போக வேண்டாம், பெங்களூர்க்காரன் இங்கே வருவான் என்பார். புளியமரமும் கழுதையும் தவிர அந்த ரோட்டோரம் அப்போது ஒன்றும் கிடையாது. தமிழில் ஆரம்பிப்பார், கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறுவார், அதிகாரி எதிரில் இருந்தால் சட்டம் பேசப் பெங்களூரில் கற்ற கன்னடத்துக்குப் போவார். எந்த மொழியிலும் சுருக்கமாகப் பேசத் தெரியாது.

நான் சேலத்தில் தாதிப் பயிற்சி முடித்து, பல இடம் சுற்றிவிட்டு, ஐம்பத்தைந்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்பே கட்டிடம் எழும்பியிருந்தது. பிரசவ விடுதி வேண்டுமென்று சர்க்கார் வாசலில் வருஷக்கணக்கில் நின்று அதை வாங்கி வந்தது அவர்தான். எங்கே கட்டுவது என்பதில்தான் சண்டை. பெரிய ஊரில் கட்டினால் சேரிப் பெண்கள் உள்ளே வர முடியாது. சேரியில் கட்டினால் பெரிய ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். சின்ன ஊரில் கட்டினால் இரண்டு பேருக்கும் கோபம். வெங்கடப்பன் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு, சங்கிலி பிடித்து அளந்து, மூன்று ஊருக்கும் சரிநடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு மேடு. ஒருவருக்கும் கிட்ட இல்லை, ஒருவருக்கும் எட்ட இல்லை.

அங்கே ஓடை அரிவாள் மாதிரி வளைந்து போகிறது. மூன்று ஊரும் அரிவாளுக்கு வெளிப்பக்கம். நடுப்புள்ளி உள்பக்கம். ஆகவே எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஓடையைத் தாண்டித்தான் விடுதிக்கு வர வேண்டும்.

ஓடைக்கரையில் ஏழு கன்னிமார் கல் நிற்கிறது. ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்காரி அந்த ஓடையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பிள்ளை நிற்காது. தாய்வீட்டுக்குப் போகிறவர்களைக்கூட அதற்கு முன்னாலேயே அழைத்துப் போய்விடுவார்கள். ஓடையில் தண்ணீர் இல்லாமல் வெறும் மணலாகக் கிடந்தாலும் இதே சட்டம்தான். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று ஊரும் இதில் மட்டும் அச்சடித்தது மாதிரி ஒத்துப்போயின.

இது பிரசிடெண்டுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மூத்த பிள்ளை பிறக்கும்போது மில்லில் இருந்தார், இளையது பிறக்கும்போது ஜெயிலில் இருந்தார். அவர் மனைவி நாராயணம்மா கோலார் பக்கத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம். எனக்குக் களி போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு வயித்துப் பாரம் என்னான்னு தெரியுமா நர்சம்மா? வாயாலயே பத்துப் பிள்ளை பெத்துருவாரு."

கட்டிடம் நன்றாகத்தான் இருந்தது. ஓடு போட்ட கூரை, பெரிய ஜன்னல், சுண்ணாம்பு வாசனை போகாத சுவர், வரிசையாக இரும்புக் கட்டில்கள். எல்லாவற்றிலும் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒருத்தியும் வரவில்லை. ஆனால் வலி எடுத்தால் ஆள் அனுப்பினார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு, புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, ஓடையைத் தாண்டிப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தேன்.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வீடு தேடிப் போகிற நர்ஸ் இருக்கும்போது எவள் விடுதிக்கு வருவாள் என்று கேட்டார். இனிமேல் வீட்டுக்குப் போகாதீர்கள், வேறு வழியில்லை என்றால் தானாக வருவார்கள் என்றார். வலி எடுத்தவளை வைத்து ஊரைத் திருத்த நான் வரவில்லை என்றேன். மேலே எழுதுவேன் என்றார். எழுதுங்கள், கையெழுத்து புரியும்படி எழுதுங்கள் என்றேன். எழுதவும் செய்தார். மேலேயிருந்து ஒருவரும் பதில் போடவில்லை. நான் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. கன்னிமார் கல்லுக்கு முன்னாலேயே கூட்டம் போட்டு மூடநம்பிக்கையைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசினார். ஆண்கள் கை தட்டினார்கள். ஓடையைத் தாண்ட வேண்டியது அவர்கள் இல்லையே.

நான் ஒரு நாள் வழி சொன்னேன்.

"பிரசிடெண்டு ஐயா, பெரிய ஊர்ல ஒரு ரூம் குடுங்க, சேரியில ஒரு ரூம் குடுங்க. கட்டிலைப் பிரிச்சுப் போட்டுக்கலாம்."

"பிரிச்சா பிரிச்சதுதான் நர்சம்மா. சேரிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு. நாளைக்குக் கெணத்துக்கும் அதையே சொல்லுவான், பள்ளிக்கூடத்துக்கும் அதையே சொல்லுவான். ஒரே கூரைக்குக் கீழ எல்லாப் பொம்பளையும் படுக்கணும். அதுதான் நாடு."

"நாடு மெதுவா வரட்டும். மொதல்ல பிள்ளை வரணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். வெறும் முட்டாளாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

ஐம்பத்தாறு மழைக்காலம் முடியும்போது சென்னம்மாவின் விவகாரம் வந்தது. சேரியில் கிருஷ்ணப்பனின் மனைவி. இரண்டு பேரும் வெங்கடப்பனின் மாந்தோப்பில்தான் கூலி வேலை. ஏற்கெனவே இரண்டு பிள்ளை, இரண்டும் பிறக்கும்போதே உயிரில்லை. இது மூன்றாவது. நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. வெளியிலிருந்தே கையால் மெல்லத் திருப்பிவிட்டேன். அடுத்த தடவை போய்ப் பார்த்தால் மறுபடி குறுக்கே. இப்படியே வலி எடுத்தால் என் கையில் நிற்காது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்றேன். கிருஷ்ணகிரிக்கும் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாமியார் மாரம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள். வெங்கடப்பன் தன் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, தானே ஓட்டிக்கொண்டு சேரிக்கு வந்து நின்றார். கெஞ்சினார். தெலுங்கில்கூடக் கெஞ்சினார். சென்னம்மா ஏறவில்லை. என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்:

"ரெண்டு போயிருச்சு நர்சம்மா. அது சாமி எடுத்துக்கிச்சுன்னு சொல்லிட்டாங்க. இதை நான் ஓடை தாண்டிப் போய்த் தொலைச்சா, நான்தானே தொலைச்சேன்னு ஆவும்?"

நான் வண்டியிலிருந்த ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்தேன்.

வெங்கடப்பன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஓடைக்கரையில் நிறுத்தி, பரப்பியிருந்த வைக்கோலை அள்ளி மாடுகளுக்குப் போட்டார்.

விடுதியை முறைப்படி திறந்து வைக்க மந்திரி வருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. தேர்தல் கிட்டே வந்துவிட்டது. வெங்கடப்பனுக்குச் சட்டசபைக்கு டிக்கெட் கிடைக்கும் என்று பேச்சு. திறப்பு விழா நன்றாக நடந்தால் டிக்கெட் உறுதி என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அவர் அலைந்து திரிந்து, கிருஷ்ணகிரியிலிருந்து லேடி டாக்டரையும் விழாவுக்கு வரச் சம்மதிக்க வைத்தார். மேடையில் உட்கார வைக்க மட்டுமல்ல. விழா முடிந்ததும் டாக்டரம்மா ஓடையைத் தாண்டி வந்து சென்னம்மாவைப் பார்ப்பார் என்று என்னிடம் சொன்னார். நல்ல ஏற்பாடு என்று நானே ஒப்புக்கொண்டேன்.

வலிக்கு அந்த ஏற்பாடு தெரியாதே. விழா அன்றைக்குக் காலையிலேயே சென்னம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. மந்திரி வரத் தாமதம். கிருஷ்ணப்பனை ஓட விட்டேன். போனவன் திரும்பி வந்து, பந்தலுக்குள் விடவில்லை, பேச்சு முடிந்ததும் சொல்கிறார்களாம் என்றான். அந்த நேரத்தில் பனிக்குடம் உடைந்து பிள்ளையின் கை வெளியே வந்தது. கை முதலில் வந்தால் தானாகப் பிறக்காது. உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் திருப்பி எடுக்க வேண்டும், அதற்கு மயக்க மருந்து வேண்டும், டாக்டர் வேண்டும். தாமதித்தால் இரண்டு உயிரும் போகும். முக்கக் கூடாது என்று சென்னம்மாவிடம் சொல்லி, இடுப்பை உயர்த்திப் படுக்க வைத்து, மாரம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கிருஷ்ணப்பனோடு நானே போனேன்.

பந்தலில் மாவிலை, காகிதத் தோரணம், ஊர் முழுக்க ஆண்கள். மந்திரி மாலையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு, தட்டில் கத்திரிக்கோல். விடுதி வாசலில் பச்சை ரிப்பன் குறுக்கே கட்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் டாக்டரம்மா. நடுவில் நின்று வெங்கடப்பன் பேசிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் இனி ஒரு பெண்ணும் பிரசவத்தில் சாகக் கூடாது என்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

ஈரப் புடவையோடு மேடைக்கு முன்னால் போய் நின்றேன். ஓரமாகப் போய் நிற்கும்படி எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"நிறுத்துங்க" என்றேன். "சென்னம்மாவுக்குப் பிள்ளையோட கை வெளிய வந்திருச்சு. டாக்டரம்மா இப்பவே வரணும்."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். நல்ல பெண்மணி, ஒரு கேள்விகூட வீணாகக் கேட்கவில்லை. வீடு எப்படி, வெளிச்சம் உண்டா, படுக்க வைக்க உயரமாக ஏதாவது உண்டா என்றார். குடிசை, இருட்டு, மண் தரை என்றேன். தரையில் வைத்து இதைச் செய்ய முடியாது, இங்கே கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, தூக்கி வர முடியுமா என்றார்.

வெங்கடப்பனின் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது மறக்கவில்லை. அவருடைய விடுதிக்கு முதல் பிரசவம், அதுவும் மந்திரி கண்ணெதிரில். நாலு பேர் ஆட்டாமல் அலுங்காமல் தூக்கினால் கொண்டுவந்துவிடலாம் என்று ஆரம்பித்தார்.

"அவ வரமாட்டா" என்றேன். "இழுத்துக்கிட்டு வந்தீங்கன்னா வழியிலயே முடிஞ்சிரும். கட்டில் இங்க இருக்குது, அவ அங்க இருக்கிறா. எதைத் தூக்கறது லேசு, நீங்களே சொல்லுங்க."

வெங்கடப்பன் மந்திரியைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, நேரே போய், கையால் ரிப்பனை இழுத்து அறுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து, யாராவது வாங்கப்பா என்றார். பெரிய ஊர்க்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். போக வேண்டியது சேரிக்கு. மறுபடியும் பந்தலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த கிருஷ்ணப்பன்தான் உள்ளே ஓடி வந்து மறுபக்கத்தைப் பிடித்தான்.

இரும்புக் கட்டிலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முன்னால் போக, டாக்டரம்மாவும் நானும் மருந்துப் பெட்டியோடு பின்னால் போனோம். ஐம்பது வயது தாண்டிய மனிதர். ஓடையில் முழங்கால் தண்ணீர். மூச்சு வாங்குகிறது, அப்போதும் வாய் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து, இந்த ஊர்களுக்கு மின்சாரம் எப்போது வரும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அதற்கு அந்தம்மா என்ன செய்வார்? வழுக்கப் போகிறது, காலைப் பார்த்து வையுங்கள் என்றார்.

குடிசை வாசலில் கட்டில் நுழையவில்லை. எப்படிச் சாய்த்தாலும் நுழையவில்லை. தெருவிலேயே புங்க மரத்தடியில் போடச் சொன்னேன். சேரிப் பெண்கள் புடவைகளை விரித்து நாலு பக்கமும் திரை பிடித்தார்கள். வெளிச்சம் தாராளமாக இருந்தது. சென்னம்மாவைத் தூக்கிக் கிடத்தினோம். நான் அவள் மூக்கின் மேல் துணி வைத்து மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். டாக்டரம்மா கையை உள்ளே செலுத்தி, பிள்ளையின் காலைத் தேடிப் பிடித்து, திருப்பி எடுத்தார். பெண் பிள்ளை. முதலில் வந்த கை நீலமாக வீங்கித் தொங்கியது. மூச்சு இல்லை. வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, டாக்டரம்மாவே போதும் என்கிற மாதிரி என்னைப் பார்த்த பிறகு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அப்புறம் அழுதது. சென்னம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கத்தான் நேரம் ஆனது. ஊசி போட்டோம், வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தோம், நின்றது.

நாங்கள் திரும்பிப் போகும்போது பந்தலில் நாற்காலிதான் இருந்தது. மந்திரி போய்விட்டார். தன்னை உட்கார வைத்துவிட்டுக் கட்டில் தூக்கப் போனவரைப் பற்றி அவர் காரில் என்ன சொன்னாரோ தெரியாது. டிக்கெட் வேறு ஒருவருக்குப் போயிற்று. வெங்கடப்பன் சட்டசபைப் படியை மிதிக்கவே இல்லை. விடுதிக் கட்டிடத்தில் கொஞ்ச காலம் உர மூட்டை அடுக்கினார்கள், பிறகு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிள்ளைகள் ஓடை தாண்டலாம்.

மறுநாள் காலையில் நான் சென்னம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். தெருவிலேயே தென்னங்கீற்றுத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். நகர்த்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெங்கடப்பன் தட்டிக்கு வெளியே வந்து நின்று, ஓடைக்குப் பாலம் கட்டிவிட்டால் தீர்ந்தது, ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றார். பதில் உள்ளேயிருந்து வந்தது.

"பாலத்துக்கு அடியிலயும் ஓடைதானே போவும், ஐயா?" என்றாள் சென்னம்மா.

அவருக்குக் கோபம் வந்தது. தெலுங்கில் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் அழுக்குத் துணி வாளியைத் தட்டிக்கு வெளியே நீட்டி, இதைப் பிடியுங்கள் என்றேன். பிடித்துக்கொண்டார். அந்தச் சமயம் பெரிய ஊரிலிருந்து ஒருத்தி, சரசம்மா, மாதம் நிறைந்த வயிற்றோடு தெருமுனையில் வந்து நின்றாள். சேரிக்குள் கால் வைக்கவில்லை. அங்கிருந்தே கேட்டாள், அந்தக் கட்டிலைத் தன் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று. அவளுக்கும் போன பிரசவம் கஷ்டம்.

வேறு கட்டில்கள் விடுதியில் சும்மாதான் கிடக்கின்றன, ஒன்றை எடுத்துப் போகலாம் என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். வெங்கடப்பன் முந்திக்கொண்டார்.

"இதே கட்டில்தான் வரும். சென்னம்மா எழுந்ததும் நானே தூக்கியாரேன். வேற கட்டில் கிடையாது."

சரசம்மா யோசித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று வெகுநேரம் யோசித்தாள். பிறகு, மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவிக்கலாமா என்றாள். கழுவிக்கொள், சோடா உப்புப் போட்டு வெந்நீரில் கழுவு என்று நான் சொன்னேன்.

அந்தக் கட்டில் அப்புறம் மூன்று ஊரிலும் போகாத வீடு குறைவு. மற்றக் கட்டில்களை அவர் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், என் பேச்சையும் கேட்கவில்லை, கலெக்டர் ஆபீஸ் பேச்சையும் கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு பேருக்கு வலி எடுத்தால் நான் ஒருத்தி கிடந்து அவதிப்பட்டேன். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கட்டிலின் ஒரு பக்கம் அவர் பிடிப்பார், மறுபக்கம் எந்த ஊரில் கட்டில் இருக்கிறதோ அந்த ஊர் ஆள் பிடிக்க வேண்டும். அப்படித்தான் பெரிய ஊர் ஆண்கள் சேரித் தெருவுக்குள் முதல் தடவையாக நடந்து போனார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் போனார்கள்.

கட்டிலைப் போட்டுவிட்டுப் போகவும் மாட்டார். வாசலில் நின்றுகொண்டு, இன்னும் பத்து வருஷத்தில் இந்த நாடு, என்று ஆரம்பிப்பார். உள்ளே வலியில் கிடக்கிறவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது தண்ணீர் இல்லை. அந்த மனுசனைக் கொஞ்சம் போகச் சொல்லுங்க என்பதுதான்.